ஒன்பதாம் எண்ணுக்கு வேலை வேண்டாம்

"உங்க நம்பர் ஒன்பது சார். அட்டையைக் குத்திக்குங்க, உள்ள எல்லாரும் உக்காந்தாச்சு" என்று வக்கீல் நிறுவனத்தின் வரவேற்பு மேசைப் பெண் அட்டையை நீட்டியபோது, டெரிக் சக்டனின் கையில் ஒரு பையும், பைக்குள் ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் இருந்தன. ஷூ அவருடையது அல்ல. அவருடைய மகள் பெக்கியுடையது.

வேலைத் தேர்வுக்கு வந்திருக்கும் மகளிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடத்தான் வந்தார். ஓட்டமும் நடையுமாகப் போக வசதி என்று சாதாரணக் கேன்வாஸ் ஷூவோடு வேனில் ஏறிய பெண், நல்ல ஷூவை சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அதுவும் இரண்டு தெரு தள்ளி.

"அப்பா கொண்டுவந்து விடற வயசா எனக்கு? நீ உள்ள மட்டும் வந்துடாதப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனாள்.

தப்பு டெரிக் மேல்தான். டைல்ஸ் ஒட்டுகிற மனிதருக்கு, மகளை வேனில் கொண்டுபோய் விடுவதற்குக் கோட்டும் டையும் எதற்கு? பெருமை, வேறென்ன! ஹாலிஃபாக்ஸிலிருந்து லீட்ஸ் வரை, தானே வக்கீலாகப் போவதைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டி வந்தார்.

"இல்லம்மா, நான் வந்து..."

"வயசைப் பத்திக் கூச்சப்படாதீங்க சார். பேரு, வயசு, படிச்ச எடம் எதையும் இங்க யாரும் கேக்கக் கூடாது. ஆபீஸ் விதி. கேட்டா என் சீட்டு கிழிஞ்சிடும்."

பெக்கியின் அப்பா நான் என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே விழுங்கினார். அப்பா ஷூ தூக்கிக்கொண்டு வந்தார் என்று தெரிந்தால் பிள்ளையின் மானம் என்னாவது? ஏற்கெனவே 'வருந்துகிறோம்' என்று வந்த மின்னஞ்சல்களை எண்ணுவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். "இதுவும் கெடைக்கலன்னா போதும்ப்பா. நானும் உன்கூட டைல்ஸ் ஒட்ட வந்துடறேன்" என்று போன வாரம் பெக்கி சொன்னபோது, டெரிக் வேனுக்குள் போய் உட்கார்ந்து அழுதார். அதை நினைத்துக்கொண்டே இப்போது அட்டையைக் குத்திக்கொண்டார்.

உள்ளே நீளமான மேசை. நான்காம் எண் பெக்கி. அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. டெரிக் எங்கோ பார்த்தபடி பையை மேசைக்கு அடியில் காலால் தள்ளினார். சற்று நேரத்தில் கேன்வாஸ் ஷூவோடு பை அதே வழியில் திரும்பி வந்தது.

"பிரிட்சார்ட் அண்ட் லோம் உங்களை வரவேற்குது" என்றார் ஆளெடுக்கும் பிரிவின் தலைவி பிலிப்பா. "இந்த வருஷம் சொலிசிட்டர் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம். முடிவை இன்னிக்கே சொல்லிடுவோம்."

முதலில் கூட்டு விவாதம். ஒரு கட்சிக்காரர் ஹோட்டல் வாங்கப் போகிறார், என்ன ஆலோசனை சொல்லலாம்? ஆறாம் எண், வெள்ளிமுடிக்காரர், ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொருவரையும் வாரு வாரென்று வாரினார்.

"நாலாம் நம்பர் சொல்றது சுத்த அபத்தம்! இதெல்லாம் ஒரு யோசனையா?"

டெரிக்குக்கு ரத்தம் கொதித்தது. என் பெண்ணையா? பல்லைக் கடித்துக்கொண்டார்.

சிவப்பு டை கட்டிய இரண்டாம் எண் பையன், "கொஞ்சம் புழுக்கமா இருக்கு. ஜன்னலைத் தொறக்கலாமா?" என்றான்.

"பாத்தீங்களா! சுத்தியிருக்கிறவங்க நெலமையை மொதல்ல கவனிச்சது ரெண்டாம் நம்பர் தம்பிதான்" என்றார் வெள்ளிமுடிக்காரர்.

டெரிக் கடைசிவரை வாயே திறக்கவில்லை. அதுவே வினையாகிவிட்டது. "ஒன்பதைக் கவனிச்சீங்களா? இவ்வளவு சத்தத்துலயும் எல்லாரையும் காது குடுத்துக் கேட்டார்" என்று பக்கத்திலிருந்த பங்குதாரர் லோமிடம் சொல்லிவிட்டு, பிலிப்பா எதையோ குறித்துக்கொண்டார்.

அடக் கடவுளே! மார்க் ஏறுகிறதே! அடுத்து நேர்முகத்தில் கவிழ்ந்துவிடுவது என்று முடிவு செய்தார் டெரிக்.

"இந்த ஒப்பந்தத்துல என்ன சிக்கல்னு நெனைக்கிறீங்க?" என்று ஒரு காகிதத்தை நீட்டிக் கேட்டார் லோம்.

"எனக்கு ஒரு எழவும் புரியலீங்க."

லோம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்ற ஒரு ஆள்! இந்த வருஷம் இப்பதான் பாக்கறேன்!"

மதியச் சாப்பாட்டின்போது, பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கட்டும் என்று நாலு சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தார். "பாசாங்கே இல்லாத மனுஷன்!" என்று பிலிப்பா பூரித்துப்போனார்.

தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் பெக்கி அவரை மடக்கினாள். "என்னப்பா பண்ணிட்டிருக்க? எல்லாரையும் தாண்டி நீ முன்னால போயிட்டிருக்க!"

"நான் என்னடா பண்ணுவேன்? எது பண்ணாலும் இவங்களுக்குப் பிடிக்குது! நான் உன் அப்பான்னு சொல்லிடவா?"

"இப்ப சொன்னா, ரெண்டு பேரும் சேந்து ஏமாத்த வந்தோம்னு ஆயிடும். அடுத்தது பேரம் பேசற சுற்று. நாலும் ஒன்பதும்தான் எதிரெதிர்."

"அப்பாடா! நான் தோத்துடறேன், விடு."

கடைக்காரர் தரப்பில் பெக்கி. கிறிஸ்துமஸுக்கு முன் கடையைக் காலி செய்யச் சொல்லும் கட்டட உரிமையாளர் தரப்பில் டெரிக். அவள் வாயைத் திறக்கும் முன்பே, "அவங்க கேக்கறதெல்லாம் நியாயந்தாங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் டெரிக்.

லோம் மேசையைத் தட்டினார். "ஒன்பது, இப்படி வழிய விட்டுக்குடுத்தா நாலுக்கு எப்படி மார்க் போடறது? முட்டுங்க சார்! இல்லன்னா அவங்களுக்கு முட்டைதான்."

போச்சுடா! இனி மகளோடு நிஜமாகவே மல்லுக்கட்டியாக வேண்டும். டெரிக் தொண்டையைச் செருமினார். வீட்டில் சண்டை போடுகிற அதே குரல் தானாக வந்தது.

"கட்டடம் எங்களோடது. போன்னா போகணும். பேச்சுக்கே எடமில்ல."

"நல்லது சார். நாங்க போயிடறோம்" என்றாள் பெக்கி, பதறாமல். "அப்புறம் பனிக்காலத்துல அங்க யார் இருப்பாங்க?"

"யாராவது வருவாங்க."

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு யார் சார் புதுசாக் கடை வைப்பா? பூட்டியே கெடக்கும். கணப்பு எரியாது. தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும். எங்களைக் காப்பாத்த வேணாம் சார், உங்க கட்டடத்தைக் காப்பாத்திக்குங்க."

"அதெல்லாம்... நாங்க பாத்துக்குவோம்."

"ஒன்பதாம் நம்பர் காதைத் தடவ ஆரம்பிச்சிட்டார்" என்றாள் பெக்கி, லோமின் பக்கம் திரும்பி. "அவர் சொல்றதுல அவருக்கே நம்பிக்கையில்ல. வசந்தகாலம் வரைக்கும்னு எழுதிக்கலாமா சார்?"

டெரிக் பதில் தேடினார். உண்மையாகவே தேடினார். ஒன்றுகூட அகப்படவில்லை. என் பெண் என்னை மடக்கிவிட்டாள்! சபையில், நாலு பேர் முன்னால், தலை நிமிர்ந்து! அவருக்கு மேசை மேல் ஏறி நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. "எழுதிக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் பிலிப்பா எல்லோரையும் அழைத்தார். "கடைசி வரைக்கும் நின்னது நாலும் ஒன்பதும்தான். ஒன்பதை விட எங்களுக்கு மனசே இல்ல. ஆனா அந்த ஒன்பதையே வாயடைக்க வெச்சவங்களை எப்படி விடறது? இடம் நாலாம் நம்பருக்கு!"

எல்லோரையும்விட பலமாகக் கைதட்டியது தோற்றுப்போன ஒன்பதுதான். கண்ணில் தண்ணீர் வேறு. பாவம், ஏமாற்றத்தில் அழுகிறார் என்று நினைத்து பிலிப்பா காகிதக் கைக்குட்டை கொடுத்தார்.

டெரிக் மகளிடம் போய் முறையாகக் கையை நீட்டினார். "வாழ்த்துகள் மேடம்."

"நன்றி சார். நல்லா முட்டினீங்க" என்றாள் பெக்கி. நீட்டிய கையை அவள் விடுவதாக இல்லை.

கோட்டு மாட்டுகிற இடத்தில் டெரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஆறாம் எண் வெள்ளிமுடிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பொண்ணுதானே நாலு? மேசைக்கு அடியில ஷூவைத் தள்ளினப்பவே தெரிஞ்சுபோச்சு."

டெரிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், தயவு பண்ணி யார்கிட்டயும்..."

"அட, நீங்க வேற! அந்த செவப்பு டை என் பையன். நான் அவன்கூட உள்ள வர்றது இது மூணாவது ஆபீஸ், மான்செஸ்டர்ல சாப்பாடு இதைவிடப் பிரமாதம்!"