சங்கு அண்ணனின் வான்கோழிப் பெட்டி

உலகத்தில் வாயை மூடத் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரு தலைவர் வேண்டுமென்றால் எங்கள் சங்கு அண்ணனைத்தான் நிறுத்த வேண்டும். ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் அரிசி ஆலைச் சங்குகூட வேளைக்கு ஒருமுறை ஊதிவிட்டு ஓய்ந்துவிடும். அண்ணன் ஓயமாட்டார். அங்கே ஆறு குமாஸ்தாக்கள் சேர்ந்து மெஸ் நடத்திவந்தோம்; அவருக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

அவருக்கு இருந்தது ஒரே ஏக்கம். நாகப்பட்டினத்தில் இருந்த மனைவி பாக்கியம் அண்ணி ரங்கூன் வந்து சேர வேண்டும். மூன்று வருஷமாக ஒவ்வொரு தபாலுக்கும் பன்னிரண்டு பக்கம் எழுதுவார். மெஸ் ரசத்தில் உப்புக் கூடியதுவரை அதில் இருக்கும். பதிலுக்கு ஒரு கார்டு வரும்: 'தாங்கள் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம். எனக்குக் கப்பல் என்றால் பயம்.' அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருக்கும்.

இந்த நிலையில்தான், ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க எண்ணெய்க்கிணற்றுத் துரையின் சாமான்களோடு வந்த ஒரு தகரப்பெட்டியை ஏலக்கடையில் பிடித்தார். உள்ளே, காட்டு வான்கோழிச் சேவலைப் பெட்டையின் குரலில் அழைக்கும் வேட்டைக் கருவிகள் மூன்று. பர்மாவில் காட்டு வான்கோழியே கிடையாது என்பதை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

ஒன்று சிறகெலும்புக் குழல். அதை வாயில் வைத்து உறிஞ்சினால் பேச முடியாது, எனவே அதை ஒதுக்கிவிட்டார். இரண்டாவது, குச்சியால் தேய்க்கும் கற்பலகை. அதற்கு இரண்டு கையும் வேண்டும். கையை வீசாமல் அண்ணனுக்குப் பேச்சு வராது. மூன்றாவது நீளமான மரப்பெட்டி. மூடியில் சாக்குக்கட்டி பூசி விளிம்பில் உரசினால் 'க்யோக், க்யோக்' என்று பெட்டை பேசும். ஒரு வாரம் மெஸ்ஸில் பயிற்சி நடந்தது. எதிர்வீட்டு மா சீன், "உங்க கதவுக்கு விடுங்க" என்று ஒரு கிண்ணம் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள்.

ரங்கூனை அடுத்த மிங்கலாடோனில் ஒரு துரை பங்களாவில் வான்கோழி வளர்த்தார்கள். தோட்டக்காரர் கோ தூன் எனக்குப் பழக்கம். ஒரு ஞாயிறு காலை போனோம். வேலி தாண்டிப்போன சேவல் மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் நின்றது. அண்ணன் உரசினார். சேவல் பதில் குரல் கொடுத்தது. அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் உரச உரச, சேவல் வாலை விரித்துப் பதில் சொன்னதே தவிர, ஓர் அடி நகரவில்லை.

"ஐயா, நிறுத்துங்க," என்றார் கோ தூன். "கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அது ஏன் வரும்? பெட்டை அங்கயே இருக்கு, நல்லா இருக்குன்னு அதுக்குத் தெரியுதே. மூணு தரம் கூப்பிடுங்க. அப்புறம் சத்தமே கூடாது. என்ன ஆச்சோன்னு அதுவா வரும்."

அண்ணன் மூன்று தரம் உரசிவிட்டு வாயை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. கால்மணி நேரத்தில் சேவல் தயங்கித் தயங்கி அவர் காலடியில் வந்து நின்றது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரத் தபாலுக்கு அவர் எழுதியது இவ்வளவுதான்: 'பாக்கியம், வீடு பார்த்துவிட்டேன். நீ வர வேண்டும். காத்திருக்கிறேன்.' அதன்பிறகு எழுதவே இல்லை. அண்ணியிடமிருந்து இரண்டு கார்டுகள் வந்தன. அவற்றுக்கும் பதில் போடவில்லை.

"ஒரு வரி போடுங்கண்ணே, பயந்துடப் போறாங்க," என்றேன்.

"எனக்குத்தான்டா பயமா இருக்கு. சரி, தொல்லை விட்டுதுன்னு அவ சும்மா இருந்துட்டா?"

இரண்டு மாதம் சாப்பாடு இறங்காமல் இளைத்துப்போனார். பிறகு ஒரு நாள் தந்தி வந்தது. துறைமுகத்துக்கு நானும் போனேன். டிரங்குப் பெட்டியோடு இறங்கிய அண்ணி அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார்.

"உசிரோடதான் இருக்கீங்களா? எழுதாம இருந்தா நான் என்னன்னு நினைக்கிறது?"

பசுந்தாங் வரும்வரை குதிரை வண்டியில் அண்ணிதான் பேசினார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். வான்கோழி விஷயத்தை மட்டும் கடைசிவரை அண்ணியிடம் சொல்லவில்லை.

நான் சென்னைக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. அண்ணன் மாதம் தவறாமல் பன்னிரண்டு பக்கம் எழுதுவார். பாதியைப் படிக்காமலே வைத்துவிடுவேன். போன கடிதம் மூன்றே வரி: 'ஒருதரம் வந்துட்டுப் போடா. அண்ணி கேக்கறா. காத்திருக்கோம்.' அதன்பிறகு இரண்டு மாதமாக ஒன்றும் இல்லை. எல்லாம் அந்தப் பெட்டி வேலைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ரங்கூன் கப்பல் என்றைக்கு என்று இன்று காலை விசாரித்துவிட்டு வந்தேன்.