நாலு கம்பியும் ஒரு தலையாட்டலும்

மனைவியிடம் ஒரு விஷயத்தைச் சாகும்வரை மறைத்தே தீருவது என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வாயில் பற்பசை நுரையோடு. எதிரே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். கண்ணுக்குத் தண்ணீர் இருந்தது. காதுக்கு இல்லை.

மறைக்க வேண்டிய விஷயம் வேறு பெண் என்று நினைத்திருந்தால் ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். என் காதுதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷ சர்வீஸ். எங்கள் தொழிலில் கை அப்புறம், காதுதான் முதலில். பேரிங் தேய்ந்தால் ஒரு முனகல் வரும். கதவு உருளை தேய்ந்தால் ஒரு கீச்சு வரும். அந்தக் கீச்சு எனக்குக் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது. கம்பெனிக்குத் தெரிந்தால் நட்டு போல்ட் அடுக்குகிற கிடங்குக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் ஓய்வு பெற்றுத்தான் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ஆனால் மனைவியிடம் ஏன் மறைக்க வேண்டும்? என் மாமனார்தான் காரணம். அவருக்குக் காது போனபோது முதல் வருஷம் எல்லோரும் அவரிடம் சத்தமாகப் பேசினார்கள். இரண்டாம் வருஷம் சுருக்கமாகப் பேசினார்கள். மூன்றாம் வருஷம் பேசவில்லை. தட்டை முன்னால் வைத்துத் தோளைத் தட்டினார்கள். அவ்வளவுதான். நல்ல மனுஷர். ஜன்னலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அந்த ஜன்னல் எனக்கு வேண்டாம்.

என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவள், என் மூஞ்சியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனவே எனக்கு ஒரு மறைப்பு தேவைப்பட்டது. யோசித்தேன். கூப்பிட்டதும் திரும்பாதவன் செவிடன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பாதவன் கலைஞன். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர்தான் வித்தியாசம்.

பழைய சாமான் கடைக்குப் போனேன். முதலில் சாதாரண கிட்டாரைக் கொடுத்தார் கடைக்காரர். தட்டினேன். சீப்பைச் சுரண்டுவது போல ஏதோ வந்தது. பிறகு மூலையிலிருந்து நீளமாக ஒன்றை எடுத்து வந்தார். பேஸ் கிட்டார். ஆறு கம்பிக்குப் பதில் நாலு தடிக் கம்பி. ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் சொருகி, மேல் கம்பியைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார்.

அந்தச் சத்தம் காதைத் தொந்தரவு செய்யாமல் நேராக விலா எலும்புக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு வருஷத்தில் எனக்கு முழுசாகக் கேட்ட முதல் சத்தம் அது. கடைக்காரர் முன்னால் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொன்னேன். கடையில் தூசியும் இருந்தது.

வீட்டுக்குள் அதையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் மனைவி முகத்துக்கு நேரே வந்து கேட்டாள். அவள் உதட்டைப் பார்த்தே பதில் சொன்னேன்.

"என்னங்க இது, துடுப்பா?"

"பேஸ் கிட்டார்."

"எதுக்கு?"

"வாசிக்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஹெட்போன் இருக்கு. ஒரு சத்தம் வெளிய வராது."

"ஐம்பத்தோரு வயசுல?"

"கலைக்கு வயசு ஏது?"

"கலைக்கு இல்ல. முதுகுக்கு இருக்கு. உக்காந்து வாசிங்க."

இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியை முடுக்கி, ஹெட்போனை மாட்டுவேன். அவள் ஏதாவது சொல்லுவாள். நான் ஹெட்போனைக் காட்டுவேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு போவாள். ஹெட்போன் இல்லாத நேரங்களுக்கு வேறு வித்தை. உதடு அசைந்து நின்றதும் "சரி" என்று தலையாட்டிவிடுவது. கல்யாணமானவன் சரி என்று சொன்னால் உலகத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

தலையாட்டலுக்குச் சில பின்விளைவுகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சான், அவளுடைய அண்ணன், மூன்று பெட்டிகளோடு வாசலில் நின்றார். "நீங்கதானே வரச் சொன்னீங்க மாப்ளே!" என்று கட்டிப்பிடித்தார். இன்னொரு நாள் என் காப்பியில் சர்க்கரை இல்லை. "நேத்து சரின்னீங்களே?" என்றாள். அடுத்த வாரம் படுக்கையில் எனக்குச் சுவரோரம் கிடைத்தது. அதற்கும் நான் சரி சொல்லியிருந்தேனாம்.

ரகசியத்தின் விலை என்று பொறுத்துக்கொண்டேன்.

கீழ் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற சர்வேயர். ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொன்னார். தாழ்ப்பாள் தப்புகிறது என்று என் காதில் விழுந்தது.

"ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க சார், சரியாயிடும்," என்றேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, தோளைத் தட்டிவிட்டுப் போனார். தோளைத் தட்டினாலே எனக்கு இப்போதெல்லாம் மாமனாரின் ஜன்னல் ஞாபகத்துக்கு வரும்.

ஆறு மாதம் ஓடியது. நாலு கம்பியில் மூன்று பாட்டு கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் ஒரே பாட்டை மூன்று வேகத்தில் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம்தான் என் நாளில் மிச்சமிருந்த சத்தம். மற்ற நேரமெல்லாம் உலகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை வந்தது.

எட்டு மாடிக் கட்டடம். என் கூட்டாளி மொட்டை, அவனைத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், மூன்றாவது மாடியில் லிஃப்டுக்குள் நின்றான். நான் கீழே, லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழியில். குழியில் இறங்கியதும் சிவப்புப் பொத்தானை அழுத்தி லிஃப்டை நிறுத்தி வைப்பது சட்டம். அழுத்தினேன். வேலை முடிந்தது. பொத்தானை விடுவித்து, ஏணியில் கால் வைத்தபோது ஸ்பானர் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

மேலிருந்து ஏதோ குரல். குரல் என்பதுகூட இல்லை, குரலின் அடிப்பாகம். உடனே என் வாய், ஆறு மாதம் வீட்டில் பழகிய வாய், தானாகத் திறந்தது.

"சரி!"

அவன் கேட்டது இதுதான் என்று பின்னால் தெரிந்தது: "வெளிய வந்துட்டீங்களாண்ணே? இறக்கட்டுமா?"

லிஃப்ட் இறங்குவது எனக்குக் கேட்கவில்லை. சுவரில் வெளிச்சம் குறைவதைப் பார்த்தேன். நிமிர்ந்தேன். தலைக்கு மேல் இரும்பு வந்துகொண்டிருந்தது. பொத்தான் எட்டவில்லை. அப்படியே மல்லாந்து விழுந்தேன். குழிக்குள் ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டுத்தான் கட்டுவார்கள். அந்த இடத்தை ஒருவன் அளந்து பார்க்க நேர்வது நல்லதல்ல. என் பக்கத்தில் ஏணி மடங்கியது. இரும்பு ஏணி, பனை ஓலை மாதிரி மடங்கியது. அதுவும் எனக்குச் சத்தமில்லாமல்தான் நடந்தது.

என்னை வெளியே இழுத்தபோது மொட்டை அழுதுகொண்டிருந்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதடா. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்," என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னான். என் காதுக்குள் ரத்தம் இடித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் புரியவில்லை.

"சரி," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். மேல் கம்பியை இழுத்தேன். சத்தம் வந்து விலாவுக்குள் உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரே பாட்டை மெதுவான வேகத்தில் வாசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரே முக்காலியில் மனைவி. கடை உடுப்புகூட மாற்றவில்லை. முகம் வெளுத்திருந்தது. நான் வழக்கம்போல ஹெட்போனைக் காட்டினேன்.

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. குனிந்து, ஹெட்போன் ஒயரைக் கையில் எடுத்து, அதன் மறுமுனையை என் கண் முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

மறுமுனை எதிலும் சொருகியிருக்கவில்லை.

நான் பெட்டியைப் பார்த்தேன். ஒயரைப் பார்த்தேன். இப்போதுதான் கழற்றினாளா? பெட்டியிலிருந்த ஓட்டையில் ஒட்டடை படிந்திருந்தது.

ஹெட்போனைக் கழற்றி, என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கட்டையான குரலில், ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். எனக்குக் கேட்டது.

"நாலு மாசம் ஆச்சு. வீடு கூட்டும்போது கழண்டுச்சு. திரும்பச் சொருக மறந்துட்டேன். சாயங்காலம் நீங்க வந்து வாசிச்சீங்க. ஜன்னலெல்லாம் அதிருது. நீங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்திருக்கீங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

"நாலு மாசமாவா?"

"நாலு மாசமா."

"அப்ப கீழ் வீட்டு சர்வேயர்..."

"தாளம் தப்புதுன்னு சொன்னாராம். நீங்க எண்ணெய் விடச் சொன்னீங்களாம்."

"அவருக்கும் தெரியுமா?"

"எல்லா வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்குக் காது போய்க்கிட்டிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு. அதுக்கப்புறம் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல."

ஆக, என் காது செவிடு என்பது எல்லோருக்கும் தெரியும் என்ற விஷயம் அந்தக் கட்டடத்தில் தெரியாத ஒரே ஆள் நான்.

"ஏன் திரும்பச் சொருகல?" என்று கேட்டேன்.

"நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னு தினமும் பாத்தேன். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். அண்ணனை வரச் சொல்லட்டுமான்னேன், சரின்னீங்க. சர்க்கரையை நிறுத்தட்டுமான்னேன், சரின்னீங்க. ஒரு நாள், நான் செத்துப்போயிடட்டுமான்னு கேட்டேன்."

நான் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தேன்.

"அதுக்கும் சரின்னு தலையாட்டிட்டுப் பேப்பரைத் திருப்பினீங்க," என்றாள்.

பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டி அதை அணைத்தாள்.

"உன் குரல் மட்டும் எப்படிக் கேக்குது?"

"கத்திப் பாத்தேன், திரும்பல. நீங்க வாசிக்கிற மாதிரி கீழ இறக்கிப் பேசிப் பாத்தேன், திரும்பினீங்க. ஒரு வாரமா கடையில எல்லாரும் எனக்குத் தொண்டை சரியில்லன்னு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்குறாங்க."

சொல்லிவிட்டு அழுதாள். அதுவும் கட்டைக் குரலில்தான் அழுதாள், எனக்குக் கேட்க வேண்டும் என்று.

மொட்டை நீளமாகச் சொன்னது என்ன என்பதும் தெரிந்தது. "இன்னைக்கே அண்ணிகிட்டயும் சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிடுறேண்ணே, உங்களைக் கொன்னுட்டு என்னால இருக்க முடியாது" என்று சொன்னானாம். நான்தான் சரி என்றுவிட்டேனே.

சூப்பர்வைசர் நல்லவர். கிடங்குக்கு அனுப்பவில்லை. ஆய்வு அட்டவணை போடுகிற மேசைக்கு அனுப்பினார். இருபத்தாறு வருஷம் ஏறி இறங்கியவன் தரைத்தளத்தில் உட்கார்ந்து, யார் எந்த லிஃப்டுக்குப் போக வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதுகிறேன். என் சாவிக் கொத்தை மொட்டையிடம் கொடுத்த அன்று கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

காது மருத்துவமனைக்கு அவளே தேதி வாங்கியிருந்தாள். அதற்கும் நான் மூன்று வாரம் முன்பே சம்மதித்திருந்தேன். பரிசோதித்த பெண் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சத்தங்களை அனுப்பினாள். உயரமான சத்தமெல்லாம் போயே போய்விட்டதாம், திரும்பாதாம். தாழ்ந்தது மிச்சம் இருக்கிறதாம். இரண்டு காதுக்கும் இரண்டு மெஷின், மொச்சைக்கொட்டை அளவில்.

மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். செருப்பு சத்தம் போட்டது. பையில் காகிதம் சத்தம் போட்டது. பக்கத்தில் அவள் மூச்சு விட்டாள், அதுவும் கேட்டது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து, ஆசை ஆசையாகப் பேஸ் கிட்டாரை எடுத்தேன். இந்த முறை ஹெட்போனை ஒழுங்காகச் சொருகினேன். என் வாசிப்பு முதல்முறையாக எனக்கு முழுசாகக் கேட்டது. கொடுமையாக இருந்தது. அந்தக் கட்டடத்து மனிதர்களின் பொறுமைக்குக் கோவில் கட்டலாம். இருந்தாலும் விடவில்லை. இரண்டு வரி வாசித்திருப்பேன், திடீரென்று சத்தம் கொசு மாதிரித் தேய்ந்து போனது. மெஷின் கெட்டுவிட்டது என்று பதறித் திரும்பினேன். மனைவி சோபாவில் உட்கார்ந்து, போனில் விரலால் எதையோ மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மேலே தள்ளினாள். உலகம் திரும்பி வந்தது.

"மெஷின் வாங்கும்போது அந்தப் பொண்ணு கேட்டாங்கல்ல, இதைப் போன்லயே கூட்டிக் குறைக்கலாம், உங்க வீட்டம்மா போன்ல போட்டுத் தரட்டுமான்னு?" என்றாள். "அப்ப உங்க காதுல மெஷின் மாட்டல. ஆனா சரின்னு தலையாட்டினீங்க."