கேஸ் குழாய்க்கு மேலே மான் பாத்தி

டர்க்கி லிக், மேற்கு வர்ஜீனியா
நவம்பர் 14, வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய ஓக்கி சித்தப்பாவுக்கு, தங்கள் அண்ணன் டெல்மரின் மகன் கோல்பி வணக்கத்துடன் எழுதுவது. ஆக்ரனில் தாங்களும் ரமோனா சித்தியும் சுகமாக இருப்பதாகச் சித்தி அனுப்பிய அட்டையில் பார்த்தோம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்லி அம்மா என் பின்னால் நிற்கிறாள். அப்பா சுகமில்லை. மற்றவர்கள் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். "மான் வேட்டைப் பருவம் தொடங்குகிற திங்களன்று ஓக்கி அங்கே வந்தால் டெல்மர் என்ன சொல்வார்?" என்று சித்தி அட்டையின் ஓரத்தில் கேட்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் அப்பாவிடமே கேட்டேன். "வேண்டாம்னு எழுது. இங்க அவனுக்குப் பார்க்க என்ன இருக்கு?" என்றார். ஆகவே தாங்கள் வரவேண்டாம் என்று தெரிவிப்பதே இந்தக் கடிதத்தின் நோக்கம். ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் காரணம் சொல்லாமல் எழுதினால் பதினொரு வருஷக் கோபத்தோடு இதையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொள்வீர்கள் என்று அம்மா நினைக்கிறாள். காரணங்கள் கீழே.

சுரங்கத் தூசு அப்பாவின் நுரையீரலில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டுவிட்டது. மே மாதத்திலிருந்து மூக்கில் ஆக்சிஜன் குழாய். படுக்கையிலிருந்து சமையலறை ஜன்னல் வரை பதினான்கு அடி; அதுதான் இப்போது அவருடைய ஊர். ஜன்னலுக்கு நேரே மலைச்சரிவில் கேஸ் குழாய் போகிற ஐம்பதடிப் பட்டை. நிலம் நம்முடையது, போக வர உரிமை கம்பெனியுடையது, மரம் வைக்கக் கூடாது, புல் வைக்கலாம். அப்பா அதற்குக் கையெழுத்துப் போட்டதால்தான் தாத்தாவின் ஓக் மரம் போயிற்று, நீங்கள் வந்து வெட்டிய அடிமரத்தைப் பார்த்துவிட்டு காபி கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தீர்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், அப்போது எனக்குப் பதினேழு வயது. நீங்களும் அவரும் சிறு வயதில் அந்த மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே போன மான் நாலா மூணா என்று அடித்துக்கொண்டதை அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஆனால் அந்த மரம் நின்றிருந்தால் ஜன்னலிலிருந்து ஒன்றுமே தெரியாது. இதை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அளந்து பார்த்துச் சொல்கிறேன்.

இந்த வருஷம் அவரால் மலையேற முடியாது, ஆகவே மானை ஜன்னலுக்கு வரவழைப்பது என்று முடிவு செய்தேன். பட்டையில் கால் ஏக்கர் தீவனப் பாத்தி. செய்வதை முறையாகச் செய்தேன். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன், ஊறுகாய் அளவுக்குப் புளிப்பு என்று பதில் வந்தது, முப்பத்தைந்து மூட்டை சுண்ணாம்பு போட்டேன். தோண்டுவதற்கு முன் சொல்ல வேண்டிய நம்பருக்குச் சொன்னேன், ஆள் வந்து குழாய்க்கு மேலே மஞ்சள் கொடி நட்டுப் போனான். ஜூலைக் கடைசியில் பழைய புல்லைச் சாகடிக்கக் களைக்கொல்லி அடித்தேன். பத்தே நாளில் மலைச்சரிவில் பழுப்பு நிறத்தில் ஒரு செவ்வகம், மூலைகள்கூடச் சரியாகத் தொண்ணூறு டிகிரி. எனக்கே பெருமையாக இருந்தது.

சித்தப்பா, நான் என்ன வேலை செய்கிறேன் என்று தங்களுக்குத் தெரியும். வேறொரு கம்பெனியின் குழாய்களில் கசிவு தேடும் வேலை. ஆறு வருஷமாக நான் முதலில் தேடுவது என்ன? குழாய்க்கு மேலே செத்துக் கிடக்கிற புல். கேஸ் கசிந்தால் வேர் மூச்சுத் திணறிச் செடி பழுப்பாகிவிடும். இதை நான் புதிதாக வருகிறவர்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். தோண்டப் போவதைச் சொன்னவன் மருந்தடிக்கப் போவதைச் சொல்லவில்லை, அவசரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய் மேலே பறந்து பார்க்கிற சின்ன விமானம் அந்தச் செவ்வகத்தைப் பார்த்தது. இருபது நிமிஷத்தில் நாலு வண்டி. நான் அப்போது இரண்டு மாவட்டம் தள்ளி இன்னொருவருடைய செத்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைச் சிலிண்டரோடு தூக்கிக்கொண்டுபோய்த் தீயணைப்புக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள். கசிவு தேடி வந்த கூட்டத்தின் தலைவன் டஸ்டின், என்னோடு படித்தவன். போனில் கேட்டான்: "கோல்பி, உங்க வீட்டு மேல பெரிய கசிவு போல இருக்குடா. இந்தப் புல்லுக்கு நீ ஏதாவது பண்ணியா?" மருந்தடித்த தேதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. "மூலையெல்லாம் நேரா இருக்கும்போதே நினைச்சேன்," என்றான்.

கொட்டகையில் தின்ன பெப்பரோனி ரோல் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவோடு சுரங்கத்தில் இருந்த கிழவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நடுவில் உட்கார்ந்து, வாக்கியத்துக்கு ஒரு முறை மூச்சு வாங்கி, சொல்லிக்கொண்டிருந்தார். "இவனைக் காலேஜுக்கு அனுப்பினேன். புல்லைக் கொன்னுட்டு வந்திருக்கான். கம்பெனிக்காரன் பயந்து ஓடி வர்றான். முப்பது வருஷம் சுரங்கத்துல நான் எவனையும் இப்படி ஓட வைக்கலை." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஒரு மத்தியானம்தான் இந்த வருஷம் அவர் நன்றாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது, "ஓக்கி இருந்திருக்கணும்," என்றார். இதை எழுதச் சொல்லவில்லை. சொன்னார் என்பதற்காக எழுதுகிறேன்.

பிறகு விதைத்தேன். கிளோவர், ஓட்ஸ், டர்னிப். கம்பெனி வண்டிகள் ஏறி இறங்கின மண் கல்லாகிவிட்டது. அடித்த மழை விதையையெல்லாம் வாரிக்கொண்டுபோய்ச் சக்கரத் தடத்தில் போட்டது. ஆக, கால் ஏக்கரில் பச்சையாக இருப்பது நீளமாக இரண்டு கோடு மட்டும். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்து, "ரயில் பாதை நல்லா போட்டிருக்கே. மான் என்ன, டிக்கெட் எடுத்துக்கிட்டு வருமா?" என்றார்.

மான் வரவில்லை. மரத்தில் கேமரா கட்டியிருக்கிறேன், படம் போனுக்கு வந்துவிடும். வருவது எல்லாம் இருட்டிய பிறகுதான், அதுவும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. பகலில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அக்டோபரிலிருந்து அப்பா தினம் சாயங்காலம் ஜன்னலிலிருந்து திரும்பி, "நாலு," என்பார். அவருக்கு இப்போது அந்தத் தூரத்தில் மஞ்சள் கொடிகூடத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை நான் போனை அவர் முன்னால் நீட்டி, "ஒண்ணும் இல்லப்பா. பூஜ்ஜியம். நீங்களே பாருங்க," என்றேன். அவர் பார்த்தார். இரண்டு நாள் ஜன்னல் பக்கம் போகவில்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், "உனக்கு எல்லாம் சரியா இருக்கணும், இல்ல?" என்றாள். சரியாகத்தானே இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. அதுவரைக்கும் நான் முன்னேறியிருக்கிறேன்.

இன்னொன்று. ஜன்னலடியில் அவர் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார். ஒன்றில் அவர். இன்னொன்றில் நான் உட்காரப் போனால், "அது உனக்கில்ல, எந்திரி," என்கிறார். யாருக்கென்று கேட்டால், "கோட்டு போட," என்கிறார். கோட்டு மாட்ட வாசலில் ஆணி இருக்கிறது.

ஆகக் கூடி, பாத்தி தோல்வி, மான் கிடையாது, பார்க்க ஒன்றும் இல்லை, அப்பாவும் வேண்டாம் என்கிறார். மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வர இதில் எந்தக் காரணமும் இல்லை. தாங்கள் வரவேண்டாம்.

சித்திக்கு எங்கள் எல்லோருடைய வணக்கமும். தங்கள் முழங்கால் வலி தீர்ந்து நடமாட அம்மா தினமும் ஜெபிக்கிறாள். பனிக்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புக்குரிய
கோல்பி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அப்பா கேட்டார். "வேண்டாம்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"சரி." மூக்கில் குழாயைச் சரிசெய்துகொண்டார். "ஓடைப் பாலத்தை உடைச்சுப் போட்டிருக்காங்க. ரிட்ஜ் ரோடு வழியா வரணும்னு எழுது."

"வரவேண்டாம்னு எழுதினவருக்கு எதுக்குப்பா வழி?"

"தெரிஞ்சு வச்சுக்கட்டும். பூட்ஸ் கொண்டு வரச் சொல்லு, அந்த அடிமரம் இருக்கிற பக்கம் ஒரே சேறு." மறுபடி மூச்சு. "நாலு இருக்குன்னும் எழுது. மூணுன்னுதான் சொல்லுவான். அந்தப் பயலுக்கு எண்ணவே வராது."

ஆகவே மேலே எழுதியது அனைத்தையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைப் பார்க்க வருகிற நர்ஸ் இன்று வாசலில் நின்று, மான் பருவத் திங்கள்வரை அவர் இருப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கிளம்புங்கள். ரிட்ஜ் ரோடு. பூட்ஸ். கேமராவை நான் கழற்றிவிட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் நாலு என்பார். வெளியே ஒன்றும் இருக்காது. பாவம் என்று நினைத்து ஒத்துக்கொண்டுவிடாதீர்கள் சித்தப்பா. மூணுன்னு சொல்லுங்க.