தாடியை எடுக்கச் சொன்ன சாமியார்

கொரியாவின் கோஜேத் தீவில் கப்பல் பட்டறை பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய வருஷம், ஊரில் ஒரே ஒரு தொழில்தான் அமோகமாக நடந்தது. பேகுன் சாமியாரின் குறி. வேலை போனவனுக்கு வேலை எப்போது வரும் என்று சொல்வார். அவருக்கு மட்டும் அது வந்துவிட்டது, பாருங்கள். மாடிப்படி முழுக்க வரிசை. வரிசையில் கிம்பாப் என்கிற சோற்றுச் சுருள் வியாபாரம். எதிரே வேலைவாய்ப்பு மையம். காசு வாங்காமல் தொழில் கற்றுக்கொடுத்து உடம்புக்கும் வைத்தியம் பார்க்கிற இடம். அங்கே ஈ, காக்கை கிடையாது. சும்மா கிடைப்பதில் என்ன மகிமை இருக்கும், கண்ணுகளா?

சாமியாரின் மகிமை பெரிது. கண்ணைத் துணியால் கட்டிக்கொள்வார். வந்தவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தெய்வம் கோபித்துக்கொள்ளும். அப்படியும் தொழில், நோவு எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைப்பார்.

வெல்டர் தே-கில் போனபோது, "நெருப்போட வேலை. தோள் போச்சு. துருப்பேய் ஏறி உக்காந்திருக்கு," என்றார். தே-கில் அழுதேவிட்டான். தாயத்து வாங்கினான். இலையுதிர்காலப் பௌர்ணமிவரை கடல் பார்த்த கட்டடத்தில் கால் வைக்கக் கூடாது என்று கட்டளை. மையமோ கடலைப் பார்த்து நிற்கிறது.

அங்கே, வெல்டிங்கில் குறை கண்டுபிடிக்கும் பயிற்சியில் அவனுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். தோளை வருத்தாத வேலை. தோளுக்குச் சிகிச்சையும் உண்டு. இன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்கு.

"பேய்கிட்ட லீவு கேட்டுட்டுப் போயிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி ஒக்-சுன். சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவள்.

"கிண்டல் பண்ணாதடி. கண்ணைக் கட்டிக்கிட்டு என் தோளைச் சொன்னாரு."

"வெல்டருக்குத் தோள் வலிக்காம மூக்கா வலிக்கும்? வெல்டர்னு எப்படித் தெரிஞ்சுது? போனதும் என்ன செஞ்சீங்க?"

"வாசல்ல பூட்ஸைக் கழட்டித் தட்டுல வச்சேன். அவரு கொழுந்தியா தூபம் காட்ட உள்ள எடுத்துட்டுப் போச்சு."

பொறி பட்டு ஓட்டை ஓட்டையாய்க் கிடந்த அந்த பூட்ஸை ஒக்-சுன் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நானும் வரேன். உங்க தட்டுல என் ரப்பர் பூட்ஸை வைங்க. என் தட்டுல உங்களுது. அவரு சரியா சொல்லிட்டாருன்னா, பேய்க்கு நானே சோறு பொங்கிப் போடறேன்."

போனார்கள். கொழுந்தியாள் ஆளைப் பார்க்கவில்லை. தட்டுகளை வரிசைப்படி அள்ளிக்கொண்டு போனாள். சற்றுப் பொறுத்துச் சாமியார் உள்ளிருந்து வந்தார். கண்ணைக் கட்டினார். முதலில் தே-கில்.

"சிப்பி உடைக்கிற கை. இடுப்பு நோவு. அழாதே மகளே, வர்ற வருஷம் ஆண் குழந்தை."

தே-கில் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அடுத்து ஒக்-சுன்.

"நெருப்போட வேலை. தோள்ல பேய். வேலை போனதிலிருந்து சவரம் பண்ணலை நீ. அந்தத் தாடிதான் அதிர்ஷ்டத்தை மறிக்குது. எடுத்துடு தம்பி."

கூடத்தில் எல்லாரும் ஒக்-சுன்னின் மோவாயை எட்டிப் பார்த்தார்கள்.

"போன ஜென்மத்தைச் சொல்றாருப்பா," என்றார் பின்னாலிருந்து ஒரு பக்தர்.

"அதேதான்," என்றார் சாமியார் அவசரமாக.

ஒக்-சுன் எழுந்துபோய்ப் பின்னறைக் கதவை இழுத்தாள். ஊரார் செருப்பெல்லாம் வரிசையாக இருந்தது. எதிரில் சாமியார் உட்காரும் மெத்தை. பக்கத்தில், செருப்பின் அடி தேய்ந்ததைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி. தூபம் மட்டும் இல்லை.

சாமியார் கண்கட்டை அவிழ்க்க மறந்து ஜன்னல் பக்கம் ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டார். தே-கில் பூட்ஸைத் தேடக்கூட நிற்கவில்லை. வெறுங்காலோடு தெருவைத் தாண்டி, கடல் பார்த்த கட்டடத்துக்குள் ஓடினான். கதவு சாத்துவதற்குள் அவன் பெயர் பயிற்சியில் ஏறிவிட்டது.

இங்கே கூட்டம் கலைந்ததா? ஒக்-சுன்னைச் சூழ்ந்துகொண்டது.

"அக்கா, சாமியாரையே கண்டுபிடிச்சிட்டீங்க. உங்களுக்குத்தான் அருள் இருக்கு. நீங்க எப்போ குறி சொல்ல உக்காருவீங்க?"

"இப்பவே சொல்றேன்," என்றாள் ஒக்-சுன். "செருப்பைத்தான் வாசல்ல கழட்டணும். கழுத்துக்கு மேல இருக்கறதையும் ஏன்யா கழட்டி வச்சுட்டு வந்தீங்க?"