வேனில் ஓடிய ஜெர்மனி கொலை வழக்கு

உலகத்துக் கொலைகாரர்கள் அத்தனை பேரையும் செங்கல்பட்டு–மாமல்லபுரம் சாலையிலேயே பிடித்துவிட்ட ஒரே மனிதர் எங்கள் கொலைகேசு அண்ணன்தான், பிள்ளைகளே. போலீசுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஷேர் வேன் ஓட்டினார், அவ்வளவுதான். வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளில் மற்ற வேன்களில் சினிமாப் பாட்டு ஓடும். இவர் வேனில் இவர் குரலே ஓடும். வெளிநாட்டுக்காரர்கள் லாட்ஜில் விட்டுப்போன பத்திரிகைகளை மேனேஜரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த ஊர்க் கொலை வழக்குகளைத் தானே பேசிக் கேசட்டில் பதிவு செய்வார். கத்திக்குத்துச் சத்தத்துக்குச் சுரைக்காயைக் குத்துவார். பாதி வழியில் கழுக்குன்றத்தில் இறங்க வேண்டியவர்கள், கொலைகாரன் யாரென்று தெரியாமல் இறங்க மனமின்றிக் கடற்கரை வரைக்கும் வந்துவிடுவார்கள். ஒருவர் தன் நிச்சயதார்த்தத்துக்கே அப்படித் தாமதமாகப் போனார்.

ஜெர்மனி வழக்குதான் பெரிய வெற்றி. கணவன் விஷத்தில் செத்திருக்கிறான். அண்ணன் குரல் கேட்கும்:

"பொதச்சிட்டு வந்த அன்னிக்கே அடுப்பு மூட்டி, கேக்கு சுட்டு, வந்தவங்களுக்கு காப்பியோட குடுத்துகினு கீறா பொண்டாட்டி. இன்னும் இன்னாய்யா சாட்சி வேணும்?"

சாவு வீட்டில் அடுப்பெரியாத ஊர் நம்முடையது. "அவதான்" என்று வேனே தீர்ப்புச் சொல்லும்.

சிற்பம் கற்க வந்து மாமல்லபுரத்திலேயே தங்கிவிட்ட ஒரு ஜெர்மனிக்கார அம்மா ஒருநாள் வேனில் இருந்தார். தீர்ப்பைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அண்ணா, எங்க அப்பா செத்தப்போ நானும் கேக் செஞ்சேன். என்னையும் புடிச்சிக் குடுப்பீங்களா?"

"இன்னாம்மா சொல்ற?"

"எங்க ஊர்ல பொதச்சிட்டு வந்தவங்களுக்கு அதைக் குடுக்கணும். குடுக்கலன்னாதான் தப்பா பேசுவாங்க. அந்தம்மாதான் கொன்னாங்கன்னு பத்திரிகையில இருந்துச்சா?"

"இல்ல. கோர்ட்டு வுட்டுடுச்சி," என்றார் அண்ணன், மெதுவாக.

"அவங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

அண்ணன் பூஞ்சேரி கூட்ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, கேசட் நாடாவை மொத்தமாக உருவிப் போட்டார். டீக்கடைகளில் ஓடிய பிரதிகளையும் சண்டை போட்டுப் பிடுங்கி வந்தார். புதிதாகப் பேசிப் பதிவு செய்தார்: "அந்தம்மாவ நான் சொன்னது தப்பு. அவங்க ஊரு வழக்கம் எனக்குத் தெரியாது. கொன்னது யாருன்னும் தெரியாது." அதன்பிறகு எந்த நாட்டு வழக்கானாலும், அந்த நாட்டு ஆள் ஒருவரை லாட்ஜ் லாட்ஜாகத் தேடிப் பிடித்து விசாரித்த பிறகுதான் பேசினார். ஆள் கிடைக்காமல் ஜப்பான் வழக்கு ஒன்று வருஷக்கணக்கில் கிடந்தது.

ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை.

"கொலகாரனே இல்லாம இன்னா கேசு அண்ணாத்த? பேஜாரா கீது. பழச போடு."

"தெரியாதத தெரியாதுன்னுதான் சொல்வேன். புடிக்கலன்னா எறங்கி, பின்னால வர்ற வண்டில பாட்டு கேளு."

உண்மையாகவே இறங்கிவிட்டார்கள். வேன் காலியாகவே போய் வந்தது. அண்ணன் கேசட்டை மாற்றவில்லை.

ஒரு சாயங்காலம் வேனில் அவரும் நானும் மட்டும்தான். கேசட் வழக்கம்போல யாரையும் பிடிக்காமலே முடிந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நீ மட்டும் ஏன்டா இன்னும் இதுல ஏறிகினு கீற?"

"பாட்டு கேட்டா எனக்கு வாந்தி வருதுண்ணா," என்றேன்.

பாட்டென்றால் எனக்கு உயிர் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.