சிக்னல் சாமிக்கு எட்டாத சேதி

வெள்ளிக்கிழமை நார்த்தாமலை விலக்கில் பஸ் நின்றால் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். மலைமேல் இருக்கும் சோழர் கோயிலுக்கா? அதற்கு யார் போகிறார்கள்! எல்லாம் சிக்னல் சாமியைப் பார்க்கத்தான். கடல் தாண்டி இருக்கும் புருஷன் பெண்டாட்டியிடம் ரகசியமாய்ச் சொன்னதைக்கூட, கண்ணை மூடியபடி அப்படியே ஒப்பிக்கிற மகான். தர்மவானும்கூட. வெளிநாட்டுக்கு இலவசமாய்ப் பேச 'அருளொலி' என்று ஓர் ஆப்பே கொடுத்திருந்தார். மஸ்கட்டில் மற்ற ஆப்களில் எழுதி அனுப்பலாம், பேச முடியாது. அருளொலியில் மணிக்கணக்கில் பேசலாம். சாமிக்கு அவ்வளவு பெரிய மனசு.

மஸ்கட்டில் வெல்டராக இருக்கும் செம்மலோடு பொற்கொடியும் அதில்தான் பேசினாள். ஒரு வெள்ளிக்கிழமை சாமி அவளைக் கூப்பிட்டு, "புள்ளை இல்லையேன்னு புருஷன்கிட்ட அழுதியே ஆத்தா" என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செம்மலைத் தவிர யாருக்கும் தெரியாத அழுகை அது. அடுத்த வாரம் தாலிக்கொடியைக் கழற்றிப் பீடத்தில் வைத்தால் தோஷம் விலகும் என்றார் சாமி. ஏற்கெனவே வைத்த கொடி எதுவும் யாருக்கும் திரும்பி வரவில்லை. தோஷம் ரொம்பக் கெட்டியாம்.

செம்மல் வேலையில் இருந்ததால், வழக்கமாய்ப் படம் அனுப்பும் இன்னொரு ஆப்பில் இதை எழுதிப் போட்டாள். பதில் வந்தது:

"அந்தாளு ஆப்பு தபால் கார்டு மாதிரி, போற வழியில எவனும் படிக்கலாம். இது அப்படியில்ல. இங்கிட்டு பூட்டுனதை ஒன் போன்தான் தொறக்கும். நடுவுல இருக்கிற கம்பெனிக்காரனாலயே முடியாது. நான் வியாழக்கிழமை திருச்சியில எறங்குறேன். யாருக்கும் சொல்லாத. அதுக்கு முன்னாடி அருளொலியில ஒரு பொய் சொல்லுவேன். நீ அழுது வை."

அன்றைக்கே செம்மல் அருளொலியில் கூப்பிட்டான். சாரத்திலிருந்து விழுந்து இடது கால் முறிந்துவிட்டது என்றான். பொய்யென்று தெரிந்தும் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை சாமி கண்ணை மூடினார். உடம்பு உதறியது.

"தெரியுது ஆத்தா. மஸ்கட்டு ஆஸ்பத்திரி. எடது காலைத் தூக்கிக் கட்டியிருக்கு. கொடியைக் கழட்டு, இல்லேன்னா காலே போயிரும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கடைசி வரிசையிலிருந்து செம்மல் இரண்டு காலாலும் நடந்து முன்னே வந்தான்.

"இந்தக் காலுங்களா சாமி?"

சாமி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பக்தர் சோலையப்பன்தான் கைகொடுத்தார். சாமி வேறு எவனோ ஒரு செம்மலின் காலைப் பார்த்திருப்பார் என்றார். பக்திக்கு மட்டும் நம் ஊரில் பஞ்சமே வராது.

பொற்கொடிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தன் அழுகையை எவனோ உட்கார்ந்து கேட்டிருக்கிறான். பீடத்துக்குப் பின்னால் தொங்கிய காவித் திரையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே ஒருவன் காதில் ஹெட்போனோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஹெட்போன் வயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினாள். சிங்கப்பூரிலிருந்து சோலையப்பனின் மகன் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது ஊருக்கே கேட்டது. "அப்பாவுக்கு இனிமே காசு அனுப்ப மாட்டேன். எல்லாத்தையும் அந்தத் திருட்டுச் சாமிகிட்ட கொட்டுறாரு."

சோலையப்பனுக்கு அந்த நிமிஷமே ஞானம் வந்தது.

பொற்கொடி கேட்டாள்: "இவரு வர்றதைப் பூட்டுன ஆப்புல எழுதிக்கிட்டோம். அது மட்டும் ஏன் சாமி ஒங்க ஞானக்கண்ணுக்குத் தெரியல?"

சாமி அதற்குள் கொல்லைப்புறமாய் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

கக்கூசுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரிந்த மகாஜனங்களே! படுக்கையறைப் பேச்சைத் திறந்து போட்டுவிட்டு, ஒட்டுக்கேட்டவன் காலில் போய் விழுந்தீர்களே, விழுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா?