இலை போட்டு அளந்த மேஜைகள்

மீட்டிங் ரூமுக்கு மேஜை வேண்டும் என்று கேட்டால், முதல் வேலையாகச் சாம்பார் சாதத்துக்குச் சொல்லியனுப்புகிற டிசைனர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவரும் எங்கள் காஞ்சிபுரத்துக்குத்தான் வாய்த்தார். ஏனாத்தூர் ரோட்டில், ஆபீஸ் மேஜைகள் செய்யும் பட்டறைக்கு ஆர்டர் பிடிக்கிறவன் நான். அங்கே டிசைனர் அவர். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. எங்களுக்கு அவர் பந்தி சார்.

அவர் வேலை செய்யும் முறை அப்படி. மேஜை கேட்ட ஆபீஸ்காரர்களைக் காலி அறையில் தரையில் உட்காரவைத்து, வாழையிலை போட்டுச் சோறு போடுவார். அவர்கள் சாப்பிடச் சாப்பிட, சாக்பீஸோடு பின்னால் தவழ்ந்து போய், யார் முழங்கை எதுவரை போகிறது, யார் யாருக்கு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்றெல்லாம் பார்த்துத் தரையில் கோடு போடுவார். ஒரு மேனேஜர் ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இன்னாபா, மேஜைக்கு ஆர்டர் குடுத்தேன், கல்யாணத்துக்கு வந்தா மாதிரி இருக்குது?"

அந்தக் கோடுகளை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் வரைவார். வந்து இறங்கும் மேஜையைப் பார்த்தால் வாயைப் பிளக்க வேண்டும். விளிம்பு அப்பளம்போல மெல்லிசு. ஒயர் ஒன்றும் வெளியே தெரியாது. கால்கள் நடுவில் ஒடுங்கி நிற்கும், யார் முட்டியிலும் இடிக்காது.

அந்த மேனேஜருக்கு மட்டும் ஒரு குறை. தனக்கென்று தலைப்பக்கத்தில் அகலமாக ஓர் இடம் வேண்டும் என்றார்.

"பந்தியில ஏது சார் தலை? மொதல்ல வந்தவன் மொத எலையில உக்காருவான், அவ்ளோதான்" என்றார் பந்தி சார்.

"நான் மேனேஜர்பா."

"தெரியும் சார். அதான் உங்களுக்கு ரெண்டு வடை வெக்கச் சொன்னேன்."

ஆர்டர் போயிற்று என்றே நினைத்தேன். நல்லவேளை, மேனேஜர் சிரித்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் மேஜை போட்டவர் வீட்டில் மேஜை கிடையாது. அவரும் அவர் மனைவி சரசு அக்காவும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். போன வருஷம் அக்காவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. கீழே உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில், சார் கீழே.

"அவரு உச்சந்தலைய பாத்துக்கினு சாப்பிடறேன்பா. மூஞ்சிய பாத்து சாப்பிட்டா ஆவாதா? ரெண்டு பேருக்கு ஒரு மேஜ, அதானே கேட்டேன்" என்று அக்கா என்னிடம் முறையிட்டார்.

அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். கீழே உட்கார முடியாதவரை எப்படி இலை போட்டு அளப்பது? டேப் இருக்கிறதே சார் என்றால் முறைப்பார். வரைவார், அழிப்பார், மறுபடி வரைவார். பட்டறையில் கிடக்கிற ஒரு மேஜையை எடுத்துக்கொண்டு போங்களேன் என்றேன்.

"அது ஆபீஸ் மேஜபா. அவ இன்னா ஆபீஸா?"

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னையும் பாலிஷ் போடும் முனுசாமியையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கமாகப் பிளைவுட் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதன்மேல் இலை. புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே நாற்காலி போட்டுச் சாப்பிட்டார்கள்.

"தூக்குபா. கொஞ்சம் எறக்கு. முனுசாமி, ரசம் ஓடுது பாரு" என்று சார் சாக்பீஸும் கையுமாக அதட்டிக்கொண்டே இருந்தார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"இப்டியே நின்னுக்கினு இருங்கப்பா, மேஜயே வாணாம்" என்றார் அக்கா எங்களிடம்.

பலகையில் கோடு விழுந்தது. மரமும் அறுத்தாயிற்று. கால் பூட்டுவதற்குள் அக்கா போய்விட்டார். மாரடைப்பு.

சார் மறுபடி பட்டறைக்கு வந்தார். அந்த மேஜையைச் செய்து முடித்தார். இனி எதற்கு என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இத்தனை இழுத்தடித்தாரே என்று அவர்மேல் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. கிட்டே போனால் அழுகை வந்தது.

காரியத்தன்று படையல் போட ஏற்பாடு நடந்தது. அக்காவின் படத்துக்கு முன்னால் தரையைத் துடைத்து, அக்காவின் தம்பி இலையோடு குனிந்தார். சார் அவர் கையைப் பிடித்து, சுவரோரம் நின்ற புது மேஜையைக் காட்டினார்.

"அதுமேல போடுபா."

"படையல் கீழதான் மாமா போடணும். அதான் மொற."

"அவளால கீழ உக்கார முடியாதுபா."

தம்பி இலையோடு நிமிர்ந்தார். படத்தைத் தூக்கி மேஜையின் ஒரு பக்கம் வைத்து, முன்னால் இலை போட்டுப் பரிமாறினார்கள். எல்லோரும் கும்பிட்டு முடித்ததும், சார் எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு இலை போட்டுச் சாதம் வைத்தவன் நான். அந்தத் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. வயதில் மூத்தவரை எப்படித் தடவுவது? இன்னும் கொஞ்சம் நெய் விட்டேன்.